எல்லையில் தந்தை, இல்லத்தில் பிள்ளை



இல்லறத்தைக் குலைக்கும் தீமைகளைப் பற்றி நாம் பலமுறை படித்திருக்கிறோம். குடிப்பழக்கம், வரதட்சணை, மாமியார் மருமகள் பிணக்கு, பிள்ளைகளின் கீழ்ப்படியாமை ஆகிய யாவும் இத்தகைய பக்கங்களில் அடிக்கடி பேசப்படுபவையே. ஆயினும் ஒரு துன்பத்தைப் பற்றிப் பேச மட்டும் எல்லாரும் கூசுகிறோம். அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. தொலைவில் பணிபுரியும் கணவன், தன் மனைவி பெற்ற பிள்ளை தன்னுடையதுதானா என்று ஐயுறுவது ஒரு முகம். பிள்ளை வேறொருவனுடையது என்பதை மறைத்து, ஒன்றுமறியாத கணவனின் பெயரை அதற்கு இட்டுவிடுவது மற்றொரு முகம். முதலாவது அவதூறாக முடியலாம்; இரண்டாவது வஞ்சகம். இரண்டும் மிகுதியாகத் தாக்குவது ஆண்டில் ஒன்பது மாதம் வீட்டைப் பிரிந்திருக்கும் படைவீரனை. ஆகவே இதை மூடி வைக்காமல், அடக்கத்தோடும் அன்போடும் பேசுவது நம் கடமை என்று எண்ணி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எங்கள் இருவரில் ஒருவர் மதராஸ் பொறியாளர் படையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மற்றவர் மகப்பேற்றுப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் ஓசூரில் குடியிருந்து வருகிறோம். பங்கின் குடும்ப நலப் பணிக்குழுவில் எங்களைச் சேர்த்துக்கொண்டபோது, படைவீரர் குடும்பங்களின் துயரங்கள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வரத் தொடங்கின. பட்டாள வாழ்வை அறிந்தவர் ஒருவரும் பிரசவ வார்டை அறிந்தவர் ஒருவரும் ஒரே வீட்டில் இருந்ததே அதற்குக் காரணம் போலும்.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் படைக்குப் புதியவை அல்ல. மத்திகிரிக் கால்நடைப் பண்ணையே ஒருகாலத்தில் கும்பினியாரின் படைக்குக் குதிரை வளர்த்த இடந்தான். 1780-இல் தோன்றிய மதராஸ் பொறியாளர் படையின் தலைமையிடம் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில், பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. அப்படையினருக்குத் "தம்பிகள்" என்றே பெயர். இராயக்கோட்டை, பர்கூர், சூளகிரி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து வானம் பார்த்த நிலத்தை விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்த பிள்ளைகள் பலர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின் அவர்களது குடும்பங்களில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. கணவன் காஷ்மீரத்திலோ அருணாசலத்திலோ காவல் இருக்க, மனைவி ஊரை விட்டு ஓசூருக்கு வந்து, லைன் வீட்டில் ஓர் அறை எடுத்து, ஷிப்ட் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். அதிகாலை நான்கரைக்குக் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களில் பட்டாளத்தார் மனைவியரும் உண்டு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் விளக்கைப் போலத் தூயவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு ஜவானுக்கு ஆண்டுக்கு அறுபது நாள் ஆண்டு விடுப்பும் முப்பது நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. பணியின் தேவைக்கேற்ப அது பிரிந்தும் தள்ளியும் கிடைக்கும். ஆகையால் படைவீரன் வீட்டில் ஒவ்வொரு கருவுக்கும் ஒரு நாட்கணக்கு இருக்கிறது. மற்ற வீடுகளில் எவரும் எண்ணாத நாட்களை இவ்வீடுகளில் எல்லாரும் எண்ணுகிறார்கள். மாமியார் எண்ணுகிறார், நாத்தனார் எண்ணுகிறாள், அடுத்த அறையில் குடியிருப்பவர்களும் எண்ணுகிறார்கள். கடைசியில், மலையுச்சியில் இரவுக் காவலில் நிற்கும் கணவனும் விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிடுகிறான்.

எங்களிடம் வந்த இரு குடும்பங்களின் செய்தியைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் சொல்லோம். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறோம்.

முதலாமவர் ஓர் இளம் ஜவான். ஏப்ரல் 1-ஆம் நாள் விடுப்பில் வந்தார். அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. மருத்துவமனை தந்த சீட்டில், பிரசவத்தின்போது கருவின் வயது 37 வாரம் என்று எழுதியிருந்தது. அதன் படம் செல்பேசி வழியாக எல்லைச் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தது. மகிழ்ச்சியோடு அதைப் பார்த்தவர், பின்பு நாட்காட்டியை எடுத்தார். டிசம்பர் 5-இலிருந்து 37 வாரம் பின்னோக்கி எண்ணினால் மார்ச் 21 வருகிறது. அன்று அவர் ஊரிலேயே இல்லை! யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் வெந்தார். பிறகு தாயிடம் சொன்னார். தாய் அன்று முதல் பேரப்பிள்ளையைத் தூக்கவில்லை. பிரசவித்த பெண்ணுக்குக் காரணம் தெரியவில்லை. மாமியார் முகம் திரும்பியது மட்டும் தெரிந்தது.

இதன் விடை மகப்பேற்றுப் பிரிவில் பணிபுரியும் எவருக்கும் தெரிந்ததே. கருவின் வயதை மருத்துவர் கணக்கிடுவது கரு உண்டான நாளிலிருந்து அன்று. அந்நாளை எவரும் திட்டமாக அறிய இயலாது ஆகையால், தாய் கடைசியாக மாதவிலக்கான முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். முழுப் பேறு காலம் 280 நாள் என்பதும் அந்தக் கணக்கே. கரு உண்டாவதோ அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து. மார்ச் 21-உடன் இரண்டு வாரம் கூட்டினால் ஏப்ரல் 4. கணவர் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் மார்ச்சில் ஊரில் இல்லாதது உண்மை. அவர் பிள்ளை என்பதும் உண்மை. இதை ஒரு தாளில் எழுதி விளக்கி அனுப்பினோம். அவர் தொலைபேசியில் அழுதார். அடுத்த விடுப்பில் வந்து, "அக்கா, அவளிடம் எப்படி முகம் கொடுப்பேன்?" என்று கேட்டார். மனைவி அவரை மன்னித்தாள், ஆனால், "நான் வலியில் கிடந்தபோது நீங்கள் நாட்காட்டியை எண்ணிக்கொண்டிருந்தீர்களா?" என்று அவள் கேட்ட கேள்விக்கு அவரிடம் விடை இருக்கவில்லை. இரண்டு வாரக் கணக்கை அறியாததால் நேர்ந்த கொடுமை இது. திருமணத்துக்கு ஆயத்தம் செய்யும் வகுப்புகளில் இதைச் சொல்லித் தர வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

இரண்டாமவர் கதை வேறு. அவர் நாயக் பதவியில் இருந்தவர். அவருடைய மகளுக்கு ஆறு வயது. அவர் விடுப்பில் இருந்த சமயம் குழந்தைக்கு டெங்கு காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரத்தம் தேவைப்படலாம் என்று வகை பார்த்தபோது "ஏ" என்று வந்தது. படைவீரனுக்குத் தன் இரத்த வகை மறக்காது. அது அவனுடைய அடையாள அட்டையிலேயே இருக்கிறது. அவருடையது "ஓ". பிரசவ காலத்துச் சீட்டில் மனைவியினுடையதும் "ஓ" என்றே இருந்தது. இருவரும் "ஓ" வகையினராக இருந்தால் பிள்ளை "ஏ" வகையாகப் பிறப்பதில்லை என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்தது அவருக்கு நினைவு வந்தது. குழந்தை குணமடையும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு எங்களிடம் வந்தார்.

நாங்கள் அவசரப்பட வேண்டாம் என்றோம். இரத்த வகை பார்ப்பதில் பிழை நேர்வதுண்டு. மேலும் "பம்பாய் வகை" என்று ஒன்று உண்டு. 1952-இல் டாக்டர் பெண்டேயும் அவருடைய துணைவர்களும் பம்பாயில் கண்டறிந்தது. அவ்வகையினர் சாதாரணச் சோதனையில் "ஓ" போலவே தோன்றுவர். ஆனால் "ஏ", "பி" பண்புகளைத் தம்முள் மறைவாகக் கொண்டு பிள்ளைக்குத் தரக்கூடும். நம் நாட்டில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. அந்தப் பத்தாயிரத்தில் ஒன்றைப் பற்றிக்கொண்டு அவர் இரண்டு நாள் இருந்தார். பிறகு மனைவியிடம் நேராகக் கேட்டார். அந்தப் பெண் மறுக்கவில்லை. மணமான முதல் ஆண்டில், அவர் விடுப்பு முடிந்து போன சில நாட்களுக்குள், பழக்கமான ஒருவனிடம் தான் தவறிவிட்டதாகவும், பிள்ளை யாருடையது என்று தனக்கே திட்டமாகத் தெரியாதென்றும், தெரிந்துகொள்ள அஞ்சி ஆறு ஆண்டு வாய்மூடி இருந்ததாகவும் சொன்னாள். இருவரும் ஒப்புக்கொண்டு மரபணுச் சோதனை செய்தார்கள். குழந்தை அவருடையது அன்று என்று அறிக்கை வந்தது.

அந்த அறிக்கை ஒரு படைவீரனுக்கு என்ன செய்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் அவர் தம் பிரிவில் தெரிவிக்க, அது "பார்ட் டூ ஆர்டர்" என்னும் ஆணையில் ஏறியிருக்கிறது. கல்விப் படி, மருத்துவ உரிமை, தாம் இறந்தால் குடும்பத்துக்குச் செல்லும் ஓய்வூதியம் ஆகிய எல்லாம் அந்தப் பதிவைப் பற்றி நிற்பவை. பனியில் நின்ற இரவுகளில் அவரை நிற்க வைத்தது அந்தக் குழந்தையின் முகம். தாம் நாட்டைக் காத்த காலத்தில் தம் வீட்டைக் காப்பார் இல்லாமற் போயிற்றே என்னும் எண்ணம் அவரைத் தின்றது. படைப்பிரிவிலோ இதைச் சொல்ல ஆளில்லை; சொன்னால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். அவர் கையிலோ துப்பாக்கி. படைவீரர் தற்கொலைகளின் காரணங்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சகம் அளித்த விடைகளில் குடும்பச் சிக்கலும் மணவாழ்க்கைப் பிணக்கும் பலமுறை இடம் பெற்றிருக்கின்றன. ஆகவே அவர் பணிக்குத் திரும்புமுன், அவருடைய சம்மதத்தோடு, மேலதிகாரி ஒருவரிடமும் படைப்பிரிவின் குருவானவரிடமும் பேசினோம். அது நல்லதாயிற்று.

மனம் கொதித்த நாட்களில் அவர் ஒரு வழக்கறிஞரிடம் போனார். "இந்தப் பெயரை எடுத்துவிட முடியுமா?" என்று கேட்டார். வழக்கறிஞர் விளக்கியவற்றை எல்லாக் குடும்பங்களும் அறிந்திருப்பது நலம்.

செல்லத்தக்க திருமணம் நீடிக்கும்போதோ, அது முறிந்து தாய் மறுமணம் செய்யாமல் இருக்கையில் 280 நாட்களுக்குள்ளோ பிறந்த பிள்ளை அக்கணவனுடைய முறையான பிள்ளை என்பதற்கு அதுவே முடிவான சான்று என்று 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 112-ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் 116-ஆம் பிரிவாக அதே விதி நிற்கிறது. கரு உண்டாகக்கூடிய காலத்தில் கணவன் மனைவியர் ஒருவரையொருவர் அணுகும் வாய்ப்பே இல்லை என்று மெய்ப்பித்தால்தான் விலக்கு உண்டு. முழுக் காலமும் எல்லையில் இருந்த வீரனுக்கு அவனுடைய விடுப்புச் சீட்டும் பயண ஆணையுமே அதற்குச் சான்றாகும். நம் நாயக்கின் நிலையோ வேறு; அவர் அந்த மாதத்தில் வீட்டில் இருந்தவர். அத்தகைய நிலையில், மரபணுச் சோதனை மாறாகச் சொன்னாலும் சட்டத்தின் அனுமானம் அசையாது என்னும் பொருள்பட 2001-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கணவனுக்கு அது கடுமையாகத் தோன்றலாம்; ஆயினும் சட்டம் ஒன்றுமறியாத பிள்ளையின் பக்கம் சாய்கிறது என்பது அதன் கருத்து. 2014-இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், விஞ்ஞானம் உண்மையைக் காட்டும்போது அனுமானம் வழிவிட வேண்டும் என்று கூறி, கணவனைப் பராமரிப்புச் செலவிலிருந்து விடுவித்தது. அதே ஆண்டில் மற்றொரு தீர்ப்பில், மனைவி சோதனைக்கு மறுக்கலாம், மறுத்தால் நீதிமன்றம் அவருக்கு எதிராக ஊகித்துக்கொள்ளலாம் என்றது. 2023 பிப்ரவரியில், கணவன் மனைவியர் சண்டையில் பிள்ளையைப் பொருளாக்கி, கேட்டபோதெல்லாம் சோதனைக்கு ஆணையிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னது. 2025 ஜனவரியில், திருமணத்துக்குள் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் வழங்கும் தந்தை அக்கணவரே என்பதை மீண்டும் உறுதி செய்தது.

இதிலிருந்து தெளிவாவது யாது? கணவனின் துயரத்தைச் சட்டம் அறியாமல் இல்லை. ஆயினும் பிள்ளையின் மீது கை வைக்க அது மிகவும் தயங்குகிறது.

படைத்துறையும் இத்துன்பத்தை அறியும். பிறன்மனை நாடுதலைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 497-ஆம் பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கியபோது, பாதுகாப்பு அமைச்சகம் அத்தீர்ப்பு படைகளுக்குப் பொருந்தக் கூடாது என்று விண்ணப்பித்தது. குடும்பத்தைப் பிரிந்து கடினமான சூழலில் பணிபுரியும் வீரர்களின் மனத்தில், வீட்டில் என்ன நேருமோ என்னும் கவலை எப்போதும் இருக்கும் என்பது அது காட்டிய காரணங்களுள் ஒன்று. 2023 ஜனவரி 31-இல், இத்தகைய நடத்தைக்காகப் படையினர்மீது படைச் சட்டங்களின் கீழ் நடவடிக்கை எடுப்பதை முந்தைய தீர்ப்பு தடை செய்யவில்லை என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தோழனின் மனைவியிடம் தவறும் படைவீரனைப் படை தண்டிக்கலாம். ஆனால் ஊரில் இருக்கும் பிறன் ஒருவனை அது எட்டாது; அந்த வேலியை மனச்சாட்சிதான் கட்ட வேண்டும்.

இத்துன்பம் நம் மண்ணுக்கு மட்டும் உரியதன்று. 1900 முதல் 1906 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆம்ப்தில் பிரபுவின் மூத்த மகன் ஜான் ரஸ்ஸல், முதல் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றியவர். 1918-இல் மணந்தார். 1921-இல் மனைவி ஆண்மகவு பெற்றபோது, அது தம் பிள்ளை அன்று என்று மணவிலக்கு வழக்குத் தொடுத்தார். அந்தரங்கச் செய்திகள் யாவும் நாளேடுகளில் விரிந்தன. கீழ் நீதிமன்றத்தில் அவருக்கு வெற்றி. 1924-இல் பிரபுக்கள் சபையோ அதை மாற்றியது. திருமணத்துக்குள் பிறந்த பிள்ளையின் முறைமையைக் குலைக்க, தாங்கள் கூடி வாழவில்லை என்று கணவனோ மனைவியோ தம் வாயால் சாட்சி சொல்ல இயலாது என்று அது விதித்தது. 1949 வரை இங்கிலாந்தில் அவ்விதி நின்றது. அதற்கு இடையில் ஓர் உலகப் போரே நடந்து முடிந்தது. தந்தை 1973-இல் இறந்த பின், அந்தப் பிள்ளை 1976-இல் தம் 54-ஆம் வயதில் மீண்டும் சபையின் முன் தம் பிறப்புரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தது. அவர் வென்றார் என்பது உண்மையே. ஆனால் ஒரு மனிதன் தொட்டில் முதல் நரைத்த தலை வரை "இவன் யார் மகன்?" என்ற கேள்வியைச் சுமந்தான் அல்லவா? பெரியோரின் பூசல் முடிந்த பின்னும் பிள்ளையின் சுமை முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்தில் ஒரு பிள்ளை, ஐந்தில் ஒரு பிள்ளை என்றெல்லாம் செல்பேசியில் உலவும் செய்திகள் இளம் ஜவான்களை மிரட்டுகின்றன. ஐரோப்பிய நாடுகளில் பல தலைமுறைகளை ஆராய்ந்த அறிஞர்கள் கண்டது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். முப்பது விழுக்காடு என்று சொல்லப்படுவது, ஏற்கெனவே பலத்த ஐயம் கொண்டு சோதனைக் கூடத்துக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு. அவர்களிலும் பத்தில் ஏழு பேருடைய ஐயம் பொய் என்பதே அதன் பொருள். மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணி ஊரெல்லாம் நோயாளிகள் என்று சொல்வார் உண்டோ?

திருச்சபை இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பலர் எங்களைக் கேட்பதுண்டு. முறையான திருமணம் யாரைச் சுட்டுகிறதோ அவரே தந்தை, தெளிவான சான்று மாறாக இருந்தாலன்றி என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1138-ஆம் எண்ணில் கூறுகிறது. வேறொருவனால் கருவுற்றதை மறைத்து மணமகனை ஏமாற்றி மணம் முடித்தால் அந்த மணமே செல்லாததாகக்கூடும்; மணத்துணையை வஞ்சகத்தால் ஏமாற்றுவதைப் பற்றிய 1098-ஆம் எண் அதற்கு இடம் தருகிறது. மணத்துக்குப் பின் நேர்ந்த பிரமாணிக்கமின்மையைப் பற்றி 1152-ஆம் எண் பேசுகிறது. மன்னிப்பை மறுக்க வேண்டாம் என்று அது நெஞ்சாரப் பரிந்துரைக்கிறது. ஆனால் மன்னிக்க இயலாதவருக்கு, மணப்பிணைப்பு நிற்க, பிரிந்து வாழும் உரிமை உண்டு என்றும் ஒப்புக்கொள்கிறது. ஆகவே துரோகத்துக்கு உள்ளான கணவனைப் பார்த்து, "கத்தோலிக்கன் அல்லவா, பேசாமல் பொறுத்துக்கொள்" என்று எவரும் கட்டாயப்படுத்தல் ஆகாது. அவனுக்கு நேர்ந்தது அநியாயம். அதை அநியாயம் என்று சொல்வதே அவனுக்கு நாம் செய்யும் முதல் ஆறுதல்.

புனித சூசையப்பரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. நம் தேவதாயின் மாசற்ற கன்னிமையை இந்தத் துயரங்களோடு ஒப்பிட எவரும் நினையார். ஆனால் வானதூதர் விளக்குமுன், ஒன்றும் புரியாமல் அந்த நீதிமான் கழித்த இரவைப் பற்றி நாம் சிந்திக்கலாம். அவர் ஊரைக் கூட்டவில்லை. மரியன்னையை அவமானப்படுத்த விரும்பவில்லை. உண்மை தெரிந்த பின், குழந்தைக்குப் பெயரிடும் தந்தையின் கடமையை ஏற்றார். நீதியும் இரக்கமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம் என்பதை அவர் காட்டியிருக்கிறார்.

நம் நாயக் என்ன செய்தார்? வழக்குத் தொடுக்கவில்லை. மனைவியோடு சேர்ந்து வாழவும் அவரால் இயலவில்லை. பங்குத்தந்தை முன்னிலையில் இருவரும் பிரிந்து வாழ ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பெண் தன் தாய்வீட்டோடு இருந்து வேலைக்குப் போகிறாள். அவளையும் நாங்கள் கைவிடவில்லை. குழந்தையைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இரத்தம் பொய் சொல்லாது என்கிறார்கள், அக்கா. ஆறு வருஷம் இவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினதும் பொய் இல்லையே" என்றார். பார்ட் டூ ஆர்டரில் பெயர் இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டிலும் இருக்கிறது. மாதந்தோறும் பள்ளிச் செலவு வருகிறது. விடுப்பில் வந்தால் பிள்ளையைப் பார்க்கிறார். ஆயினும் முன்போல் அவளைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு வருடம் பிடித்தது என்று அவரே சொன்னார். பிள்ளை வளர்ந்து கேட்கும் நாளில் உண்மையை எப்படிச் சொல்வது என்பது இன்னும் அவர் நெஞ்சில் கிடக்கும் கல். அந்தக் கல்லை எடுக்கும் வித்தை எங்களுக்குத் தெரியவில்லை. அந்நாள் வரும்போது தாயும் அவரும் சேர்ந்தே சொல்ல வேண்டும். ஊரார் வாயிலிருந்து அது முதலில் வந்துவிடக் கூடாது என்று மட்டும் இருவரிடமும் உறுதி பெற்றிருக்கிறோம்.

எல்லாரும் அவரைப்போல் செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. வேறொருவர் நீதிமன்றம் சென்றால் அவரைக் குறை கூற மாட்டோம். ஆனால் இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் எங்களுக்குத் தெளிந்தது ஒன்று உண்டு. உண்மை கணவனுக்குச் சேர வேண்டிய கடன். பெயர் பிள்ளைக்குச் சேர வேண்டிய உடைமை. முதலாவதைத் தராதவள் இரண்டாவதையும் ஆபத்தில் வைக்கிறாள். முதலாவது கிடைக்கவில்லை என்பதற்காக இரண்டாவதைப் பறிப்பவன், தனக்குத் தீங்கு செய்யாத ஒரே உயிரைத் தண்டிக்கிறான்.

ஆகவே பட்டாளத்தார் மனைவியரே, தனிமை கொடியது என்பதை நாங்கள் அறிவோம். தவறு நேராமல் காத்துக்கொள்ளுங்கள். நேர்ந்துவிட்டதானால், பிள்ளை பள்ளிக்குப் போகும் வரை அதை மூடி வைக்காதீர்கள். குருவானவரிடமோ, நம்பிக்கையான மூத்த பெண்ணிடமோ உடனே பேசுங்கள். ஆறு மாதத்தில் சொல்லும் உண்மை அறுக்கும். ஆறு ஆண்டு கழித்து வெளிப்படும் உண்மை வேரோடு பிடுங்கும்.

படைவீரத் தம்பிகளே, நாட்காட்டியை எடுக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். வாட்ஸ்ஆப் செய்தியையும் அடுத்த கட்டில்காரரின் கேலியையும் சான்றாகக் கொள்ளாதீர்கள். மனைவிக்குத் தெரியாமல் பிள்ளையின் தலைமயிரைச் சோதனைக்கு அனுப்புவது உங்களுக்கு அமைதியைத் தராது. அந்த அறிக்கைக்கு நீதிமன்றத்தில் தானாக மதிப்பு வந்துவிடுவதும் இல்லை. ஐயம் பொறுக்க முடியாததானால் நேருக்கு நேர் கேளுங்கள். துப்பாக்கி கையிலிருக்கும் இரவில் மட்டும் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

மாமியார், நாத்தனார், அண்டை வீட்டாருக்கும் ஒரு சொல். ஷிப்ட் முடிந்து இரவில் திரும்பும் பெண்ணுக்கு வாயிலில் ஒரு விளக்கை ஏற்றி வையுங்கள். அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நீங்கள் போய் நில்லுங்கள். கண்காணிப்பவர் நூறு பேர் இருந்தும், துணையிருப்பவர் ஒருவரும் இல்லாத வீட்டில்தான் சோதனை எளிதாக நுழைகிறது. எல்லையில் நிற்கும் மகனுக்கு நம் பங்குகள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அவன் குடும்பத்தைத் தனியே விடாதிருப்பதுதான். அன்பியக் கூட்டங்களில் பட்டாளத்தார் வீடுகளை முதலில் சந்திக்கும் வழக்கத்தை நம் பங்குகள் மேற்கொண்டால், எத்தனையோ பிள்ளைகள் தங்கள் தந்தையின் பெயரை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லி வளரும்.